முப்பத்திரண்டு புள்ளிகளில் நாகசுரம்: பிசி எஞ்சின் ஒலிச் சில்லுக்கு இசை எழுதுவது

தேவிபட்டினத்திலிருந்து பாம்பன் வரை வல்லம் என்ற படகில் போகும் ஒரு சிறுவனைக் கதைநாயகனாக வைத்து, பிசி எஞ்சின் என்ற பழைய ஜப்பானிய விளையாட்டுக் கருவிக்கு நண்பர்களோடு ஒரு விளையாட்டை உருவாக்கி வருவதாக எழுதியிருந்தீர்கள். கோயில் திருவிழாக் கட்டத்துக்கு நாகசுரமும் கரைவலைக் கட்டத்துக்கு மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் வேண்டும் என்றும், அலை வடிவத்தை எவ்வளவு மாற்றி வரைந்தாலும் ஆர்மோனியம் போலவே கேட்கிறது என்றும், எந்த வடிவத்தை வரைந்தால் நாகசுரம் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவது அலை வடிவத்தில் இல்லை. வடிவம் ஓரளவு சரியாக அமைந்ததும் அதை விட்டுவிட்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி எப்படி நகர்கிறது என்பதில் உங்கள் உழைப்பு முழுவதையும் செலுத்துங்கள். நாகசுரத்தை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த நகர்வினால்தான்.

சில்லு என்ன தருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹட்சன் சாஃப்ட்டும் என்இசியும் இணைந்து 1987இல் ஜப்பானில் வெளியிட்ட இந்தக் கருவியில், ஹியூசி6280 என்ற மையச் செயலியின் உள்ளேயே ஒலிப் பகுதியும் அடங்கியிருக்கிறது. அதில் தனித்தனியே ஒலிக்கும் ஆறு ஒலி வழிகள், அதாவது சேனல்கள், உண்டு. ஒவ்வொரு சேனலுக்கும் 32 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு அலை அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 31 வரை ஒரு மதிப்பைப் பெறலாம். சில்லு அந்த 32 மதிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, வாசிக்கும் வேகமே சுருதியாகிறது. ஒவ்வொரு சேனலுக்கும் 32 படிகளில் ஒலியளவும், இடப்பக்கம் வலப்பக்கம் என்று தனித்தனி ஒலியளவும் உண்டு. கடைசி இரண்டு சேனல்கள் அலைக்குப் பதிலாக இரைச்சலையும் எழுப்பும்.

அலை வடிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 32 புள்ளிகளில் அடிப்படை அதிர்வையும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று பதினைந்து மடங்கு வரையிலான மேற்சுரங்களையும் முறையாக எழுதலாம். அலையின் பின்பாதி முன்பாதியின் தலைகீழ் வடிவமாக இருந்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே ஒலிக்கும். சதுர அலையின் உள்ளீடற்ற ஒலிக்கு அதுவே காரணம். நாகசுரம் அடி நோக்கி விரியும் கூம்புக் குழல், இரட்டைச் சீவாளி கொண்டது. அதில் இரட்டைப்படை மேற்சுரங்களும் நிறைந்திருப்பதால் அந்த ஒழுங்கை உடைத்தே ஆக வேண்டும். அடிப்படை அதிர்வு முதல் அதன் ஐந்து மடங்கு வரையிலான ஐந்து பகுதிகளை 0.6, 1, 0.8, 0.5, 0.3 என்ற வலிமைகளில் கூட்டி, 32 படிகளுக்குச் சுருக்கினால் கிடைக்கும் வரிசை இது: 16, 25, 31, 31, 27, 22, 18, 17, 17, 16, 16, 15, 15, 15, 16, 16, 16, 16, 16, 17, 17, 17, 16, 16, 15, 15, 14, 10, 5, 1, 1, 7. இதிலிருந்து தொடங்குங்கள். இன்னும் கூர்மையான ஒலி வேண்டுமென்றால் ஆறாவது, ஏழாவது பகுதிகளையும் சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம். எந்த வடிவத்தை எழுதினாலும் 32 எண்களின் சராசரி 16ஐ ஒட்டியே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சராசரி விலகினால் ஒலியளவு மாறும்போதெல்லாம் அடியில் ஒரு தட்டல் கேட்கும். இந்த வரிசையின் சராசரி சரியாக 16.

இனி ஆர்மோனியத்துக்கு வருவோம். சுரங்களையும் கட்டளைகளையும் வரிவரியாக இட்டு இசை எழுதும் மென்பொருளான டிராக்கரில் ச, ரி, க என்று வரிசையாகச் சுரங்களை இட்டால், ஒவ்வொரு சுரமும் தன் கருவியை முதலிலிருந்து தொடங்குகிறது. ஒலியளவு மேலேறி இறங்குவதும் ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது. கட்டையை அழுத்தி விடுவதும் இதுவும் ஒன்றேயாதலால், எந்த அலையை வைத்தாலும் ஆர்மோனியமாகத்தான் கேட்கும். நாகசுரக் கலைஞர் ஒரே மூச்சில் பல சுரங்களை வாசிக்கிறார். சீவாளியின் மீது உதட்டின் அழுத்தத்தை மாற்றிச் சுருதியை நகர்த்துகிறார். நாக்கால் காற்றைத் தடுத்து விடும் துத்துகாரம் விழும் இடத்தில்தான் புதிய தொடக்கம் உண்டாகிறது. ஆகவே உங்கள் மெட்டை முதலில் மூச்சுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மூச்சின் முதல் சுரமும், துத்துகாரம் விழும் சுரங்களும் மட்டும் புதிய சுரங்களாக இருக்கட்டும். மற்றவை அனைத்தும் நடந்துகொண்டிருக்கும் ஒலியின் சுருதி மாற்றங்களாகவே இருக்க வேண்டும். ஃபர்னஸ் என்ற இலவசத் திறமூல டிராக்கரில் இதற்கு ஒலியை மீண்டும் தொடங்காமல் சுருதியை மட்டும் மாற்றும் லெகாட்டோ கட்டளையும், அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் போர்ட்டமென்டோ கட்டளையும் இருக்கின்றன. வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பாருங்கள். நீங்கள் குறை சொன்ன அதே அலையே வேறு கருவியாகிவிடும்.

சுருதியைப் பொறுத்தவரை இந்தச் சில்லில் நம் இசைக்கு மிகவும் இசைவான ஒரு பண்பு இருக்கிறது. சில்லின் கடிகாரம் வினாடிக்கு 35,79,545 துடிப்புகள் கொண்டது. அதை 32ஆலும், நீங்கள் கொடுக்கும் ஒரு முழு எண்ணாலும் வகுத்துக் கிடைப்பதே அதிர்வெண். அந்த முழு எண்ணை வகுத்தி என்று வைத்துக்கொள்வோம். அது 4095 வரை போகலாம். வகுத்தி 360 என்றால் அதிர்வெண் ஏறத்தாழ 310.7 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டரைக் கட்டை. நீளமான வகையான பாரி நாகசுரத்தின் சுருதி பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையிலேயே அமைவதால் இதை ஆதார சட்ஜமாகக் கொள்வது பொருத்தமே. 360ஐத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. அந்த எண் பல எண்களால் மீதியின்றி வகுபடும். சுரங்களின் இடைவெளிகள் 3:2, 4:3, 5:4 போன்ற எளிய விகிதங்களாகையால், பஞ்சமத்துக்கு 240, சுத்த மத்தியமத்துக்கு 270, அந்தர காந்தாரத்துக்கு 288, சதுஸ்ருதி ரிஷபத்துக்கு 320, சதுஸ்ருதி தைவதத்துக்கு 216, காகலி நிஷாதத்துக்கு 192, மேல் சட்ஜத்துக்கு 180 என்று அனைத்தும் முழு எண்களாகவே விழுகின்றன. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் எந்தத் தோராயமும் இல்லாமல், தூய விகிதத்தில் இந்தச் சில்லில் இருக்கின்றன. சாதாரண காந்தாரம் 300, சுத்த தைவதம் 225, கைசிகி நிஷாதம் 200, பிரதி மத்தியமம் 256 என்று மற்றவையும் அப்படியே. சுத்த ரிஷபம் மட்டும் 337.5 என்று அரையில் நிற்கிறது.

டிராக்கர்கள் மேற்கத்திய சமப் பகுப்புச் சுருதியை வைத்துத்தான் வகுத்தியைக் கணக்கிடும். ஆகவே டிராக்கரில் எழுதும்போது நுண்சுருதிக் கட்டளையால் ஒவ்வொரு சுரத்தையும் இந்த எண்களுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். உங்கள் குழுவில் செயலிக்கு நேரடியாக நிரல் எழுதும் மொழியான அசெம்பிளியில் எழுதுகிறவர் இருப்பதாகச் சொன்னீர்கள். இசையை ஓட்டும் நிரலை அவரே எழுதுவதானால், மேற்சொன்ன எண்களை ஓர் அட்டவணையாக நிரலிலேயே வைத்துவிடுவது சிறந்தது. இவை விகிதக் கணக்கில் வரும் நிலைகளே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாடகரும் வாசிப்பவரும் இராகத்துக்கேற்ப இவற்றிலிருந்து சற்று விலகுவார்கள், அந்த விலகலைக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும். இருந்தாலும் சட்ஜமும் பஞ்சமமும் 360க்கு 240 என்று துல்லியமாக இணைந்து ஒலிக்கும்போது கிடைக்கும் அசைவற்ற நிறைவை நீங்கள் ஒருமுறையாவது தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வகுத்தி முழு எண்ணாக இருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு, சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகத்துக்கு அதுவே பெரிய சிக்கல். அரைச் சுர இடைவெளியை நூறாகப் பிரித்த அலகைச் சென்ட் என்பார்கள். வகுத்தி 360இல் ஒன்று மாறினால் சுருதி 4.8 சென்ட் நகர்கிறது. அரைச் சுரத்துக்குள் இருபது படிகள் கிடைப்பதால் வழுக்கல் வழுக்கலாகவே கேட்கும். மேல் சட்ஜத்தில் வகுத்தி 180, படி 9.6 சென்ட் ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே 90இல் 19 சென்ட். அங்கே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவை எழுதினால் படிக்கட்டு ஏறுவது தெளிவாகக் காதில் விழும். நாகசுரத்தின் அழகான சஞ்சாரங்கள் பலவும் மேல் ஸ்தாயியில்தான் நடக்கின்றன என்பதால் இதை அப்படியே விட்டுவிட முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 32 புள்ளிகளில் ஒரு முழு அலையை வரைவதற்குப் பதிலாக, 16 புள்ளிகளில் ஒரு முழு அலை என்ற கணக்கில் அதே வடிவத்தை இருமுறை வரையுங்கள். அட்டவணையை ஒருமுறை வாசித்து முடிக்கும்போது இரண்டு அதிர்வுகள் நடந்துவிடுவதால், அதே சுருதிக்கு வகுத்தி இரு மடங்காக வேண்டியிருக்கும். மேல் சட்ஜம் 180இலிருந்து 360க்குப் போய்விடும், படியும் பாதியாகக் குறையும். நான்கு முறை வரைந்தால் 90 இருந்த இடத்திலும் 360 வந்துவிடும். இதற்கு நாம் இழப்பது மேற்சுரங்களை. 16 புள்ளிகளில் ஏழு வரை முறையாக எழுதலாம், 8 புள்ளிகளில் மூன்றுதான். மேல் ஸ்தாயியில் இந்த இழப்பு காதுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. சுத்த ரிஷபமும் இந்த முறையில் சரியாகிவிடுகிறது: சட்ஜம் 720 என்று ஆனதும் ரிஷபம் 675 என்ற முழு எண்ணாகிறது. தோடியையோ மாயாமாளவகௌளையையோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலிருந்தே இருமுறை வரைந்த அலையைக் கொண்டே எழுதிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு சேனல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதன் அலையை மாற்ற வேண்டுமானால் அந்தச் சேனலைக் கணநேரம் நிறுத்தித்தான் எழுத முடியும், அப்போது சிறு சொடுக்கல் கேட்கலாம். ஆகவே அலை மாற்றத்தை மூச்சு முடியும் இடத்தில் வையுங்கள்.

நகர்வை எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இருமுறை வரையாத சாதாரண அலையில் பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஒரு ஜாரு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 240இலிருந்து 180 வரை அறுபது படிகள். டிராக்கர் வினாடிக்கு 60 முறை மதிப்புகளைப் புதுப்பிக்கிறது. அந்த ஒவ்வொரு முறையையும் டிக் என்பார்கள். டிக்குக்கு மூன்று வீதம் இருபது டிக்குகளில் போய்விடலாம். ஆனால் வகுத்தி குறையக் குறைய ஒவ்வொரு படியும் பெரிதாவதால், அந்த ஜாரு முடியும் இடத்தில்தான் மிக வேகமாக ஏறும். வாசிப்பவர் செய்வது இதற்கு நேர்மாறானது. அவர் விரைந்து கிளம்பி, சட்ஜத்தை நெருங்கும்போது நிதானித்து அதில் போய் அமர்கிறார். எனவே முதல் பத்து டிக்குகளில் நான்கு நான்காகவும், அடுத்த நான்கில் மூன்று மூன்றாகவும், அதற்கடுத்த மூன்றில் இரண்டிரண்டாகவும், கடைசி இரண்டில் ஒவ்வொன்றாகவும் குறையுங்கள். மொத்தம் பத்தொன்பது டிக்குகள், வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே புரியும். ஃபர்னஸில் சுருதி நகர்வை நேர்கோட்டுக் கணக்கில் வைப்பதா, வகுத்திக் கணக்கில் வைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறது. பாட்டைத் தொடங்கும் முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் எழுதிய வழுக்கல்கள் அத்தனையும் வேறாகிவிடும்.

சுரத்தை அசைத்து இசைக்கும் கம்பிதத்துக்கு, சுருதியை ஒரே சீராக ஆட்டும் டிராக்கரின் வைப்ரேட்டோவைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. சில்லிலேயே இரண்டாம் சேனலின் அலையைக் கொண்டு முதல் சேனலின் சுருதியை அசைக்கும் வசதி உண்டு. ஆனால் அப்போது இரண்டாம் சேனல் ஒலிக்காது, அசைவும் ஒரே அளவாகத் திரும்பத் திரும்ப வரும். நம் கம்பிதம் சுரத்தின் இருபுறமும் சமமாக ஆடுவதில்லை. தோடியின் காந்தாரம் மத்தியமத்தை நோக்கி எழுந்து இறங்கும்போது இரு முனைகளிலும் தங்கும் நேரம் வேறுபடுகிறது. முதல் அசைவும் மூன்றாம் அசைவும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. வினாடிக்கு ஐந்து அசைவுகள் என்றால் ஓர் அசைவுக்குப் பன்னிரண்டு டிக்குகள் கிடைக்கின்றன, ஒரு வளைவைக் கையால் எழுத அது போதும். ஒரு நல்ல நாகசுரப் பதிவை எடுத்து, கணினியில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அந்த ஒரு காந்தாரத்தை மட்டும் கேட்டுக் கேட்டு எண்களாக எழுதுங்கள். இது மெதுவான வேலைதான். ஆனால் ஓர் இராகத்துக்கு இன்றியமையாத நான்கைந்து பிடிகளை இப்படி எழுதி, மீண்டும் மீண்டும் அழைக்கக்கூடிய எண் வரிசைகளான சுருதி மேக்ரோக்களாகச் சேமித்துவிட்டால், பிறகு பாட்டு முழுவதற்கும் அவையே கைகொடுக்கும்.

நாகசுரத்தோடு சட்ஜத்தை விடாமல் ஒலிக்கும் துணைக் குழலான ஒத்துக்கு ஒரு சேனல் தேவை. அதில் கீழ் சட்ஜத்தை, அதாவது வகுத்தி 720ஐ, ஒலியளவு மாறாமல் விடுங்கள். இன்னொரு சேனல் மிச்சமிருந்தால் அதில் 721 வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல விம்மித் தணியும். தவிலுக்கு இரைச்சல் எழுப்பும் இரண்டு சேனல்களையும் ஒதுக்குங்கள். கூடு அணிந்த விரல்களால் வாசிக்கும் வலந்தலைக்கு, உயர்ந்த இரைச்சலை இரண்டு மூன்று டிக்குகளுக்கு மட்டும் ஒலிக்கவிட்டு அணைத்துவிட வேண்டும். கழியால் அடிக்கும் தொப்பிக்கு இரைச்சல் வேண்டாம். உருண்டையான ஓர் அலையை வைத்து, அடித்த கணத்தில் உயர்ந்த சுருதியில் தொடங்கி ஆறேழு டிக்குகளில் சரசரவென்று கீழிறக்கினால் அந்தத் தொம் கிடைக்கும். ஒலியளவின் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.5 டெசிபல் என்பதால், டிக்குக்கு இரண்டு படிகள் குறைத்தால் அடி இயல்பாக அடங்கும். தவிலைப் பதிவு செய்து ஐந்து பிட் ஒலித்துண்டாகவும் ஓட்டலாம்தான்; அதற்குச் செயலி வினாடிக்கு ஏழாயிரம் முறை குறுக்கிடப்பட வேண்டியிருக்கும், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது வீண் சுமை.

மீதமுள்ள ஒரு சேனலில் நாகசுரத்தின் அதே வரியை ஆறு டிக்குகள் பின்தள்ளி, ஒலியளவைக் குறைத்து, எதிர்ப்பக்கத்தில் வைக்கலாம். ஆறு டிக்குகள் என்பது வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஒலி அதற்குள் ஏறத்தாழ 34 மீட்டர் கடக்கும். இராமேசுவரம் கோயிலின் வெளிப் பிரகாரத்தில் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு, ஒலி ஒரே எதிரொலியாகத் திரும்பாமல் தூண்வரிசைகளில் பட்டுச் சிதறி நீண்டுகொண்டே வருவது தெரிந்திருக்கும். ஆகவே எதிரொலிச் சேனலுக்குக் கூர்மையான அந்த அலையைக் கொடுக்காமல் மேற்சுரங்கள் குறைந்த மழுங்கிய அலையைக் கொடுங்கள்.

நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் அலைச் சேனல் ஒன்றுதான். புள்ளிக்கு 16 மதிப்புகளே உண்டு. ஒலியளவும் முழுமை, பாதி, கால், மௌனம் என்ற நான்கு நிலைகளில் நின்றுவிடுகிறது. மூச்சின் ஏற்ற இறக்கத்தை அதில் எழுத முடியாது. பண்டாயின் கையடக்கக் கருவியான வொண்டர்ஸ்வானில் நான்கு அலைச் சேனல்கள் மட்டுமே உண்டு. கோனாமியின் எஸ்சிசி சில்லில் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 மதிப்புகள் இருந்தாலும் கடைசி இரண்டு சேனல்கள் ஒரே அலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த கருவியே இந்த வேலைக்கு ஏற்றது.

அம்பாப் பாட்டை நாகசுரத்தைவிடக் கடினமானதாக நினைக்கிறேன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்றுப் பாடுகிறார்கள். அந்த ஏற்புக் குரலுக்கு மூன்று சேனல்களை ஒதுக்கி மூன்றிலும் ஒரே வரியை அப்படியே எழுதினால், மூன்று பேர் பாடுவதாகக் கேட்காது. ஒரே ஆள் உரத்துப் பாடுவதாகவே கேட்கும். ஒவ்வொரு சேனலுக்கும் அலையைச் சற்று மாற்றுங்கள். வகுத்தியில் இரண்டு மூன்று எண்கள் வேறுபடட்டும். ஒருவர் ஒரு டிக் முன்னதாகவும், இன்னொருவர் மூன்று டிக் பின்னதாகவும் தொடங்கட்டும். முன்பாட்டுக்காரரின் கடைசி அசை முடியும் முன்பே ஏற்புக் குரல் மேலே விழ வேண்டும், அதற்காகவே அவருக்குத் தனிச் சேனல் தேவைப்படுகிறது. ஆறில் நான்கு போய்விட்டதால் இந்தக் கட்டத்தில் தாள வாத்தியமே வேண்டாம். கரையில் அது இருப்பதும் இல்லை.

இந்தப் பாட்டின் காலம் தாளக் கணக்குக்கு உட்பட்டதன்று, இழுப்புக்கு உட்பட்டது. கயிற்றைப் பிடித்து இழுக்கும் அசை நீளும், கை மாற்றிப் பிடிக்கும் அசை குறுகும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு விரைவுபடும். டிராக்கரின் வேகத்தை ஒரே எண்ணில் வைத்துவிடாமல், வரிக்கு வரி வேகக் கட்டளையை மாற்றி, நீளும் அசைக்கு எட்டு டிக்குகள், குறுகும் அசைக்கு ஐந்து டிக்குகள் என்று தொடங்கி, முடிவில் ஐந்து, நான்கு என்று நெருக்கிக்கொண்டு வாருங்கள். மெட்டை நீங்களாகக் கற்பனை செய்யாமல், வலை இழுத்துப் பழகிய பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைவோடு பதிவு செய்து, அதிலிருந்து எழுதுங்கள். விளையாட்டின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயரும் ஊரும் இடம்பெற வேண்டும்.

கடைசியாக, மிச்சமிருக்கும் இரைச்சல் சேனல்களில் கடலை வைக்கலாம். வல்லம் பாக் நீரிணைப் பக்கத்து வடகடலில் இருக்கும்போதும், பாம்பனைக் கடந்து மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலுக்கு வந்த பிறகும் ஒரே அலையோசையை வைத்துவிடாதீர்கள். வடகடலுக்கு உயர்ந்த இரைச்சலைக் குறைந்த ஒலியளவில், ஒன்றரை இரண்டு வினாடிக்கு ஒருமுறை எழுந்து தணியும்படி எழுதுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களின் தென்கடலுக்குத் தாழ்ந்த இரைச்சலும், ஐந்தாறு வினாடிகள் நீளும் ஏற்றமும், சட்டென்று விழும் இறக்கமும் வேண்டும். இரண்டு சேனல்களையும் வெவ்வேறு நீளத்தில் சுழலவிட்டு, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தால், ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருவது விளையாடுகிறவருக்குத் தெரியாது.